எண்பது எழுத்துக்குள் ஒரு காதல்

அம்மானில் குளிர்கால மழைக்குக் குடை ஒரு பொருட்டே இல்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். காபிக்கடைக்குள் நனைந்த கோழியாக ஓடி வந்தான் யஸான். ஒரே ஒரு நாற்காலிதான் காலி. எதிரே ஒரு பெண். அம்மாடி, அந்தக் கண்கள்... பெரிய, ஈரமான, கனவில் மிதக்கிற கண்கள்... இமைக்காமல் அவனையே பார்த்தன.

பையன் சும்மா இருப்பானா? நாளை சேரப்போகும் நிறுவனத்தின் பெயரிலிருந்து, அங்கே எழுதும் கணினி நிரலில் எந்த வரியும் எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"திரையெல்லாம் எவ்வளவு அகலமா வந்தாச்சு. இப்போ போய் எண்பதா? அதைப் போட்டது யாரோ பல்லு போன கிழவனாத்தான் இருக்கணும்."

"பல்லெல்லாம் இருக்கு," என்றாள் அவள். "நான்தான் போட்டேன்."

அவள் பெயர் ருபா. அங்கே எல்லார் நிரலையும் சரிபார்ப்பவள். மறுநாளிலிருந்து அவன் எழுதியதெல்லாம் சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பி வந்தது. வீம்புக்கு நிரலில் வரும் பெயர்களை எல்லாம் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெயரைச் சுருக்கச் சொல்லவில்லை, வரியை மடிக்கத்தான் சொன்னேன் என்று திருப்பி அனுப்பினாள். ஒரே ஒரு வரிக்கு விதிவிலக்குக் கேட்டுப் பார்த்தான். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை என்றாள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. கூட்டம் சேர்த்தான். நூற்றிருபதா எண்பதா, வியாழக்கிழமை வாக்கெடுப்பு. சரிபாதிப் பேர் அவன் பக்கம், அவன் கையும் சேர்ந்தால் ஜெயம். தோற்றால் வேறு குழுவுக்குப் போய்விடுவதாக ருபா சொல்லிவிட்டாள். ஜெயிக்கப்போகிறவனுக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? அவனோ ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தான்...

வியாழன் அன்று அவளைக் கூப்பிடப் போனான். அவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றான். எழுத்து ஒவ்வொன்றும் ஆலிவ் காய் பருமன். அந்த அளவில் எண்பதுக்கு மேல் ஓர் எழுத்துக்கூட அதில் கொள்ளாது. அவள் மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. அவனைக் கண்டதும் வெடுக்கென்று கழற்றினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. இதைப் போட்டா ஆந்தை மாதிரி இருக்கேனாம். அக்கா கல்யாணத்துல எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்போ அன்னிக்கு... என்னையே பாத்துட்டிருந்தீங்களே?"

"மழைக்கோட்டு தொங்குதுன்னு நினைச்சேன். நீங்க பேசினப்புறம்தான் ஆளுன்னு தெரிஞ்சுது."

போச்சு, போ! இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்தது ஒரு மழைக்கோட்டுக்காக. சிரிப்பும் வந்தது, நெஞ்சும் உருகியது. வாக்கெடுப்பில் எண்பதுக்குக் கை தூக்கினான். கூட்டாளிகள் வாயைப் பிளந்தார்கள். காரணம் கேட்டார்கள், சும்மா தோணுச்சு என்று மழுப்பினான். விதி பிழைத்தது.

வாசலில் மறுபடியும் மழை. ருபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் மாறினீங்க? எண்பது எழுத்துக்குள்ள சொல்லுங்க."

யஸான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். குழம்பினான். சரிதான் போ என்று விட்டுவிட்டான்.

"நீங்க இல்லாத குழுவுல நான் எவ்வளவு நீளமா எழுதி என்ன பிரயோஜனம், திருப்பி அனுப்ப நீங்க இருக்கணும், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அந்தக் கண்ணாடியோட இன்னும் பிடிச்சிருக்கு, ஆயுசுக்கும் நீங்களே என்னைத் திருத்துங்க..."

"தாண்டிடுச்சு," என்றாள் மெதுவாக.

அவன் முகம் வாடியது. அவள் பைக்குள் கையை விட்டு, கண்ணாடியை எடுத்து, தெருவே பார்க்க மாட்டிக்கொண்டாள். முதல் முறையாக அவனை முழுசாகப் பார்த்தாள்.

"இந்த ஒரு வரிக்கு மட்டும் விதிவிலக்கு..." என்றதும் அவன் சிரித்துவிட்டான். "ஆமா, உனக்குக் கன்னத்துல குழி விழுமா? இத்தனை நாளா தெரியவே இல்லையே."