காருக்கு ஓர் அபிஷேகம்

கிள்ளானில் தாமரையின் வீட்டுப் போர்ச்சில் ஒரு கார் நின்றது. கார் என்றதும் ஓடிப்போய் ஏறிவிடாதீர்கள். அதற்குச் சக்கரம் கிடையாது, இருக்கை கிடையாது, கதவும் கிடையாது. நான்கு முக்காலிகளின் மேல் இரும்புக் குழாய்களாலான ஒரு சட்டகம் மட்டும் இருந்தது. மற்றவையெல்லாம் மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து, சுவரோரம் தங்கள் முறைக்காகக் காத்திருந்தன.

காரைக் கட்டிக்கொண்டிருந்தவர் தாமரையின் அம்மா ரமணி. ஷா ஆலமில் பஸ் கட்டும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வாரமெல்லாம் ஊருக்குப் பஸ் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தனக்குக் கார் கட்டுவார். அப்பா கமலநாதன் சமையலறையையும் சாமி அறையையும் பார்த்துக்கொள்வார். தம்பி ரிஷிக்கு ஐந்து வயது. அவன் எல்லாவற்றிலும் கை வைப்பான்.

அன்று காலை அம்மா ஜாக்கி வைத்துச் சட்டகத்தின் முன்பக்க இடது மூலையைத் தூக்கினார். இடது மூலை எழுந்தது. வலது மூலை எனக்கென்ன என்று அப்படியே கிடந்தது.

"பாத்தியா தாமரை? ஈரத்துணி மாதிரி முறுக்கிக்குது. இப்படியே ஓட்டுனா, வளைவுல கார் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்."

"அப்ப என்னம்மா செய்யறது?"

"தரைக்கும் பக்கத்துக்கும் அலுமினியத் தகடு வச்சு கம் போட்டு ஒட்டணும். குழாயும் தகடும் ஒண்ணாயிட்டா அப்புறம் முறுக்காது."

தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த கம் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கம்தான். அது காகிதத்தையே பாதி நாள் கைவிட்டுவிடும்.

"இது வேற கம்லா!" என்றார் அம்மா. "பஸ் கூரையவே இதுதான் புடிச்சிக்கிட்டு இருக்கு. ஆனா ஒட்டுற எடம் சுத்தமா இருக்கணும். விரல் பட்டாக்கூட இதுக்குக் கோவம் வந்துடும்."

அம்மா குழாய்களை உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். பிறகு சுத்தமான போர்வை ஒன்றைப் போட்டு மூடினார்.

"பூச போடாமலா ஆரம்பிக்கிற?" என்று அப்பா குங்குமத்தோடு வந்தார்.

"அந்த மூக்குல மட்டும் ஒரு பொட்டு வைங்க. அங்க கம் வராது. சூடம் மட்டும் கொளுத்தாதீங்க, ஸ்பிரிட் டின் இருக்கு."

அப்பா மூக்கில் ஒரு பொட்டு வைத்து, மணியடித்து, பூசையை முடித்தார். ரிஷி சும்மா இருப்பானா? சக்கரங்கள் வரவேண்டிய நான்கு இடத்திலும் நான்கு எலுமிச்சம்பழங்களை உருட்டி வைத்தான்.

"சக்கரமே இல்லடா," என்றாள் தாமரை.

"வரும்ல?" என்றான் ரிஷி.

அம்மா போர்ச் மூலையில் மேசை போட்டு, இரண்டு கம் டின்களில் இருந்ததை அளந்து ஒரு கிண்ணத்தில் கொட்டினார். "கலக்கிட்டா அர மணி நேரந்தான். அப்புறம் கல்லாயிடும். வேற கம்மும் இல்ல. இனிமே வாங்குனா கப்பல்லதான் வரணும்."

தாமரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கலக்கினார். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து ஒரே சாம்பல் நிறமானது.

"சரி, போர்வைய எடு."

தாமரை ஒரு கையால் போர்வையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எல்லாக் குழாய்களிலும் வரிசையாகச் சிவப்புப் பொட்டு! நடுவில், விரல் முழுக்கக் குங்குமமும் முகம் முழுக்கப் பெருமையுமாக ரிஷி உட்கார்ந்திருந்தான்.

"இவ்ளோ பெரிய காருக்கு ஒரு பொட்டு பத்துமா?" என்றான். "உதுந்துடக்கூடாதுன்னு வெளக்கு எண்ணெயில கொழச்சு வச்சேன்."

"அலாமாக்! எண்ணெயா?" என்று அலறினார் அம்மா.

அம்மா துணியை எடுப்பதற்குள் ரிஷி குழாய் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். "அழிக்காதீங்கம்மா! பொட்டு இருந்தாத்தான் கார் ஓட்டறப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆவாது!"

சத்தம் கேட்டு அப்பா கரண்டியோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் சுருங்கியது. "வச்ச பொட்ட அழிக்கிறதா ரமணி? நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்ப..."

"அழிக்கலன்னா தகடு கழண்டு ரோட்டுல விழும்ங்க. அது மட்டும் நல்ல சகுனமா?"

தாமரையின் கையில் கிண்ணம் வெதுவெதுப்பாகியது. கம் இறுக ஆரம்பித்துவிட்டது! அவளுக்கு அம்மாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. தம்பியைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். அது பெரிய வேலையில்லை. ஆனால் பிறகு இந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகைதான் வரும்.

பொட்டையும் அழிக்கவேண்டும், தம்பியும் அழக்கூடாது. அப்படிப் பொட்டை அழிக்கும் இடம் எங்கேயாவது உண்டா?

உண்டே!

தாமரை குனிந்து ரிஷியின் காதருகே கேட்டாள். "வெள்ளிக்கெழம கோயில்ல பாத்தோமே, அபிஷேகம் பண்றப்ப அம்மனுக்கு ஏற்கெனவே வச்சிருந்த சந்தனம், குங்குமம்லாம் என்னாச்சு?"

"தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க."

"யாராச்சும் அழுதாங்களா?"

"இல்லியே. மணி அடிச்சாங்க."

"அப்புறம்?"

"புதுச் சந்தனம். புதுப் பொட்டு. பெருசா வச்சாங்க!"

"அதான்லா. இப்ப நம்ம காருக்கும் அபிஷேகம். ஸ்பிரிட் அபிஷேகம்! நீதான் மணி அடிக்கணும். முடிஞ்சதும் அலங்காரமும் நீதான்."

ரிஷி குழாயில் கன்னத்தை வைத்தபடியே யோசித்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

அப்பா கரண்டிக் காம்பால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அபிஷேகம்னா... அது தப்பே இல்லியே!" என்றவர், மணியை எடுக்க உள்ளே ஓடினார்.

அப்புறம் பார்க்கவேண்டுமே அந்தக் கூத்தை! வாசல் பக்கம் நின்று ரிஷி மணி அடித்தான். அம்மாவும் அப்பாவும் கையுறை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் துடைத்தார்கள். ஒருமுறை துடைத்த துணியை மறுபடி தொடவிடாமல் தாமரை பிடுங்கிக்கொண்டு, புதுத் துணி கொடுத்துக்கொண்டே இருந்தாள். பழைய துணியால் துடைத்தால் எண்ணெய் போகாது, ஊர்வலம்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு வீரம்மா ஆன்டி, மணிச் சத்தம் கேட்டு கேட் அருகே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் கேட்டார், "என்ன சாமி அது?"

"கார் சாமி ஆன்டி!" என்றான் ரிஷி.

கடைசித் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. அம்மா பாய்ந்து மேசையில் இருந்த கிண்ணத்தை எடுத்தார். கம் கெட்டியாகியிருந்தது, ஆனாலும் இழுத்தால் வந்தது. அம்மா தடவினார். தகடுகளை அமர்த்தினார். தகடு நகராதபடி அப்பா டக், டக், டக்கென்று ரிவெட் ஆணிகளை அடித்தார். கடைசி ரிவெட் இறங்கி முடிந்தபோது, கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய கம்மில் கலக்கிய குச்சி யாரும் பிடிக்காமலே நேராக நின்றது.

"தப்பிச்சோம்டா சாமி," என்று அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது அலங்காரம். ரிவெட் தலைகளெல்லாம் சின்னச் சின்ன நெற்றியாகத் தெரிந்தன ரிஷிக்கு. ஒன்றுகூட விடாமல் பொட்டு வைத்தான். இந்த முறை எண்ணெயை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் மாலை, வேலை முடிந்து வந்த அம்மா பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேரே ஜாக்கியை எடுத்தார். நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இடது மூலை எழுந்தது. அதோடு சேர்ந்து, நேற்றுவரை அசையாமல் கிடந்த வலது மூலையும் எழுந்தது!

அம்மா இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார். மறுபடியும் இரண்டும் ஒன்றாக எழுந்தன. தாமரை கத்திய கத்தலில் வீரம்மா ஆன்டி வீட்டுப் பூனை சுவரிலிருந்து குதித்தது.

"பாத்தீங்களா, என் பொட்டுதான் புடிச்சிக்கிட்டு இருக்கு!" என்றான் ரிஷி.

"ஆமாலா," என்றார் அம்மா, தாமரையைத் தோளோடு அணைத்துக்கொண்டு. "கம்மும் கொஞ்சம் ஒத்தாச பண்ணுது."

சக்கரம் வர இன்னும் நாளாகும். அதுவரை பழம் தாங்காது என்று அப்பா நான்கு எலுமிச்சம்பழங்களையும் பிழிந்து, ஐஸ் போட்டு, ஜூஸ் கொண்டுவந்தார். தாமரையும் ரிஷியும் காரின் புதுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தார்கள். அப்புறம் ரிஷி வாயாலேயே எஞ்சினை முடுக்கி, அக்காவை ஏற்றிக்கொண்டு எப்போதும் நெரிசலான பிரிக்பீல்ட்ஸ் வரை போய், ஜாம் இல்லாமல் வீடு திரும்பினான்.