பளிங்குக் கண்ணில் மை

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். மில் முதலாளி கோவிந்தராஜுலுவுக்கு நாற்பது வருடமாகத் தாகமே எடுக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம், சித்திரை மாதத்து மத்தியானம். கோவை அவினாசி ரோட்டில் இருந்த தன் பழைய பங்களாவை அவர் மியூசியமாக்கியிருந்தார். மறுநாள் திறப்பு விழா. ஏற்பாடுகளைப் பார்க்கத் தனியாகக் காரில் வந்து இறங்கினார்.

நடுக்கூடத்தில், பீடத்தின்மேல் முதல் மனைவி வெங்கடலட்சுமியின் மார்பளவு சிலை. அவள் ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று ஊர் நம்பியது. துக்கத்தைக் காட்டிக்கொள்ள, போட்டோ அனுப்பி இத்தாலியில் செய்வித்த சிலை அது. நூல் சேலை கட்டினவளுக்கு ரோமாபுரி ராணி மாதிரி கொண்டையும் தோளில் போர்வையும். அந்த நாட்டு வழக்கப்படி கண்ணில் கருவிழி கிடையாது, வெறும் வெள்ளைப் பளிங்கு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மாதிரியாக இருக்கும். அவருக்கோ அதுதான் நிம்மதி. கண் திறக்காத சிலைக்கு என்ன தெரியப்போகிறது?

இன்று அதன் முகத்தை மஞ்சள் துணி மூடியிருந்தது.

"ஏம்மா சின்னாத்தா, என்ன இது?"

கூடம் பெருக்குகிற சின்னாத்தாள் வெட்கத்தோடு வந்து நின்றாள். "கண்ணில்லாம பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. காத்தால நாந்தான் மையில முழி எழுதி உட்டனுங்க. கண்ணத் தொறந்தா மொதல்ல நல்லதாக் காட்டோணுமில்லீங்க, கோயில்ல பசுமாட்டக் காட்டறாப்பல. இங்க மாட்டுக்கு எங்க போறதுங்க? அம்மா மொதல்ல உங்க மொகத்தையே பாக்கட்டுமுன்னு மூடி வெச்சனுங்க."

அவர் தடுப்பதற்குள் துணியை உருவிவிட்டாள்.

கறுப்பு விழிகள் இரண்டும் அவரையே பார்த்தன.

"தண்ணி கொண்டா" என்றார். அவள் சொம்பைக் கொடுத்துவிட்டு, "பூ வாங்கியாரேனுங்க" என்று வெளியே போனாள்.

ஒரு வாய் குடித்தார்.

சீமெண்ணெய்.

துப்பினார். நாக்கெல்லாம் அந்த நாற்றம். வேறொருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக அன்று வெங்கடலட்சுமிமேல் ஊற்றியதும் அதுதான். "தண்ணி, தண்ணி" என்று அடுக்களைக்குள் அவள் கதறக் கதற, கதவை வெளியே தாழிட்டுவிட்டு நின்றார். சத்தம் அடங்கிய பிறகே திறந்தார்.

சட்டை நுனியால் சிலையின் மையை வெறிபிடித்தவராகத் துடைத்தார்.

மை போனது. பார்வை போகவில்லை.

பின்னால் கூடத்துக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"சின்னாத்தா... கதவத் தொற கண்ணு..."

காதோரத்தில் தீக்குச்சி உரசியது.

சின்னாத்தாள் பூவோடு திரும்பியபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. முதலாளி கரிக்கட்டையாகக் கிடந்தார். அவருக்கு அடியில் விரித்திருந்த ஜமக்காளத்தில் ஒரு நூல்கூடப் பொசுங்கவில்லை. சொம்பில் மிச்சமிருந்தது நல்ல தண்ணீர்.

மியூசியம் தாமதமாகத்தான் திறந்தது. சின்னாத்தாள் இன்றும் அம்மாவுக்குப் பூ வைக்கிறாள். மார்கழிக் குளிரிலும் அந்தப் பளிங்குக் கன்னத்தில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்கிறாள்.

சுடுகிறது.