நாற்பது நிமிடத்தில் ஆறு பக்கம்

வந்தவள் உட்காரக்கூட இல்லை. "எங்கப்பா ஜனங்களைக் கொன்னவர் இல்ல. நிரூபிச்சுக் கொடுங்க," என்றாள்.

அவள் பிரசவ வார்டு நர்ஸ். போரில் பாலம் தகர்க்கப்பட்டபோது அதன்மேல் நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள். உத்தரவில்லாமல் அதை வெடிக்க வைத்தவன் ரேடியோக்காரன் என்று, பிடிபட்ட தளபதி எதிரிகளின் விசாரணையில் சொன்னதாகப் பதிவு. அந்த ரேடியோக்காரர்தான் அவளுடைய அப்பா. அன்றே அங்கேயே செத்தவர். அந்த வாக்கியத்தை வெள்ளிக்கிழமை நினைவுக்கல்லில் வெட்டப் போகிறார்கள்.

அவள் தேடி வந்த ஸ்டெனோ அக்கா முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் தலைவலியை விலைக்கு வாங்குவதே வேலை. துணைக்குக் கொழுந்தன், முன்னாள் பஸ் கண்டக்டர். அண்ணி வாயைத் திறக்குமுன் செருப்பை மாட்டிவிடுகிற மனிதர்.

இருவரும் ஆவணக் காப்பகத்தில் பதிவைப் பார்த்தார்கள். ஆறு பக்கம், பக்க எண் கிடையாது, மூலையில் நூல் கட்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வைத்து நடந்த விசாரணை; தொடக்கம் பத்து மணி, முடிவு பத்து நாற்பது. கடைசிப் பக்கத்தில் மட்டும் தளபதியின் கையெழுத்து.

"தாள் பழசு. எழுத்தும் எதிரிங்க விட்டுட்டுப் போனதுன்னு வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களே, அதே டைப் மெஷின். நம்ம பாச்சா பலிக்காது அண்ணி."

அக்கா அதே மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்த மற்ற பதிவுகளையும் வாங்கி, அரை நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு காப்பாளரிடம், "இந்தக் கட்டு வெளியே போச்சா?" என்றார்.

"பைண்டிங் பண்ணணும்னு தலைவர் ஒரு தடவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்."

காப்பகக் குழுத் தலைவர், தளபதியின் மகன்.

வியாழக்கிழமை காலை அவரையும் காப்பாளரையும் கல்வெட்டுக்காரரையும் நர்ஸையும் குழு அறையில் உட்கார வைத்தார் அக்கா.

"விசாரிச்சவங்க மொழி வேற, தளபதி மொழி வேற. ஒவ்வொரு கேள்வியும் ரெண்டு தடவை, ஒவ்வொரு பதிலும் ரெண்டு தடவை. பக்கத்துக்குப் பத்து நிமிஷம். முப்பத்தொரு பதிவு பார்த்தேன், ஒண்ணுகூட மாறல. இதுல மட்டும் நாப்பது நிமிஷத்துல ஆறு பக்கம்."

"அப்போ ரெண்டு பக்கம் டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு!" கொழுந்தனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"எந்த ரெண்டுன்னும் தெரியுது. மத்த பக்கத்துல எல்லாம் 'கேள்வி மறுபடி கேட்கப்பட்டது'ன்னு நாலு இடத்துலயாவது வருது. நாலாவது, அஞ்சாவது பக்கத்துல ஒரு இடத்துலகூட இல்ல. ரேடியோக்காரர் மேல பழி வர்றது அங்கதான். அதை உருவிட்டுப் படிங்க."

காப்பாளர் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார். "கேள்வி: மக்கள் இருக்கும்போதே பாலத்தைத் தகர்க்கச் சொன்னது யார்?" கையெழுத்திட்ட பக்கத்தின் முதல் வரிக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "பதில்: நான்தான். தெரிந்தேதான் செய்தேன்."

"கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் தொட முடியாது. அதனால, 'ஆபத்து தெரிந்தும் கடைசிவரை தலைமையகத்தில் இருந்தது யார்'னு ஒரு கேள்வியைச் செஞ்சு அதுக்கு முன்னால ஒட்டிட்டீங்க. அந்த மெஷின் இருக்கிற பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் அக்கா.

தலைவர் நர்ஸ் பக்கம் திரும்பி, "உங்கப்பா பேரை எடுத்துடறேம்மா. வெறும் கல்லா நிக்கட்டும். இத்தோட விட்டுடுங்க. தளபதி எனக்கு அப்பா இல்லையா?" என்றார்.

நர்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உங்கப்பா பொய் சொல்லலையே சார். எதிரி முன்னால உட்கார்ந்து நிஜத்தைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாரு. அவரைப் பொய்யராக்கினது நீங்க. வெறும் கல்லு எனக்கு வேண்டாம். செத்த நூத்திப்பத்துப் பேருக்கும் வேண்டாம்." கல்வெட்டுக்காரரைப் பார்த்தாள். "அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே வெட்டுங்க."

அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். "கையெழுத்தையும் சேர்த்தாம்மா?"

"அதை முதல்ல வெட்டுங்க."