போடுகிற கை

வெள்ளரித் துண்டை முள்கரண்டியோடு மீன்தொட்டி நீரிலிருந்து தூக்கியபோது அதன் பச்சைத் தோலே தெரியவில்லை. மிளகளவு நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவற்றை உப்புநீர் வாளிக்குள் தட்டி எண்ணினான். எழுபத்திரண்டு. நேற்று நாற்பத்தொன்று. மூன்று வாரமாக இதுதான் வழக்கம். தொட்டி விளக்கு அணைந்ததும் வெள்ளரியை இறக்குவான், காலையில் எடுப்பான். எடுக்க எடுக்கக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனது.

தொட்டி அவன் மனைவியுடையது. ஒவ்வொரு செடியையும் இடுக்கியால் பிடித்து மணலில் ஊன்றியவள் அவள். அவள் போய் ஐந்து மாதம். புடவைகளையெல்லாம் அக்கா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அவள் கை பட்டதில் இன்னும் உயிரோடு இருப்பது இந்தச் செடிகளும் பதினொரு மீன்களும்தான். இலைகளில் இப்போது ஓட்டைகள். இலைக்கு அடியில் பாகுபோல் முட்டைத் திட்டுகள்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் மருந்தைக் காட்டவே மறுத்தார்.

"நத்தை போகுதோ இல்லையோ, செடி போயிடும் சார். பேசாம கைய கட்டுங்க."

"யார் கைய?"

"சாப்பாடு போடற கைய. நத்தை சும்மா பெருகாது. மிஞ்சுறத தின்னுட்டுதான் குடும்பம் நடத்துது. உங்க வீட்ல யாரோ தாராளப் பிரபு இருக்காங்க."

வீட்டில் அவன் ஒருவன்தான். போடுவது இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை.

திரும்பி வந்ததும் மீன் உணவு டப்பாவைத் திறந்தான். போன மாதம் அவனே வாங்கிய புது டப்பா. தூளின் நடுவில் ஒரு குழி. விரல் அகலம். ஓரத்தில் தூள் ஈரம்பட்டுக் கட்டியாகியிருந்தது.

அவள்தான் அப்படிச் செய்வாள். ஆள்காட்டி விரலை நனைத்து டப்பாவில் அழுத்துவாள், ஒட்டியதுதான் அளவு. பிறகு கண்ணாடியின் இடது மேல் மூலையில் நகத்தால் மூன்று தட்டு. மீன்கள் ஏறி வரும். ஈர விரலை விடாதே, கட்டி தட்டிவிடும் என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் அவள் சாப்பிட மறுத்தபோது, அதே மாதிரி கரண்டி விளிம்பால் அவள் கீழுதட்டில் மூன்று முறை தட்டினான். முதல் நாள் சிரித்து வாயைத் திறந்தாள். கடைசி நாள் திறக்கவில்லை. இரண்டாம் முறை அவன் தட்டிப் பார்க்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

வீட்டின் இன்னொரு சாவி அக்காவிடம் இருந்தது. போன் செய்தான்.

"அக்கா, மீனுக்கு நீ ஏதாச்சும் போடறியா?"

"எனக்கெதுக்குடா அந்த வேலை? வீட்டப் பெருக்கி, உனக்குச் சாப்பாடு வெச்சுட்டு வரேன். அதையே நீ தொடறதில்ல."

"டப்பால விரல் விட்டிருக்கு."



"திருடிய விசாரிக்கிற மாதிரி கேக்கறியேடா."

"சாவிய குடுத்துடு."

"வாசல்லயே வெச்சுடறேன், இனிமே நானும் வரல. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அந்த நத்தைக்குக் கிடைக்கிறது கூட உன் வயித்துக்குக் கிடைக்கல. கண்ணாடில மூஞ்சியப் பாரு."

மறுநாள் சாவி மிதியடிக்கு அடியில் கிடந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டான். டப்பாவைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினான். மீனுக்கு ஒன்றும் போடவில்லை. அவனும் பெரும்பாலும் தேநீர்தான்.

எட்டு நாள். தொண்ணூறு, நூற்றுப் பதினெட்டு, நூற்று அறுபது. மீன்களின் வயிறு உருண்டையாக இருந்தது. ஒட்டுநாடா பிரியவில்லை. அவனே அறுத்துப் பார்த்தான். குழி டப்பாவின் அடிவரை இறங்கியிருந்தது.

தூக்கத்தில் நானே எழுந்து போடுகிறேனோ? அந்தச் சந்தேகம் வந்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கடைக்காரர் சொன்னதைச் சொன்னபடியே செய்தான். இரவு ஏழு மணிக்குச் சற்று முன் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, வலது மணிக்கட்டை அதன் கையோடு துணியால் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். புது நாடா சுற்றிய டப்பா இடது கையில்.

ஏழுக்கு விளக்கு தானாக அணைந்தது. திரைச்சீலை ஓரமாக வந்த தெரு வெளிச்சத்தில் இலைகளின் விளிம்பு மட்டும் தெரிய, வடிகட்டியிலிருந்து நீர் சளசளவென்று விழுந்துகொண்டிருக்க, மணலடியிலிருந்து நத்தைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கண்ணாடியில் ஏறுவதையும், ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை அறையில் மெல்லப் பரவுவதையும் கவனித்தபடி அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எல்லா நத்தைகளும் ஒரே பக்கமாகத்தான் ஏறின. இடது பக்கம். மேல் மூலைக்கு.

டக். டக். டக்.

மீன்கள் ஏறி வந்தன.

வலது கை கட்டியபடியேதான் இருந்தது. இழுத்துப் பார்த்தான். வலித்தது. இடது கையில் டப்பா. நாடா பிரியவில்லை. உள்ளே தூள் மெல்ல அழுந்தியது. உள்ளங்கையில் அதை உணர்ந்தான்.

நீரில் துகள்கள் இறங்கின. நிறைய.

பிறகு நீர் விழும் சத்தம் நின்றது.

காய்ந்த மீன் உணவின் வாடை. தொட்டியிலிருந்து வரவில்லை. அருகே. முகத்துக்கு அருகே.

கீழுதட்டில் ஒரு தட்டு. ஈரமாக. இன்னொன்று. இன்னொன்று.

பல்லைக் கடித்துக்கொண்டான்.

மறுபடியும் மூன்று.

அவசரமில்லை. கோபமில்லை. வராந்தாவுக்குப் போகும் உத்தேசமுமில்லை.

மறுபடியும்.

எட்டு நாள் பசி.

வாய் திறந்தது.