உப்பு வணிகனின் கால்தாங்கி

ஆம்பலாற்றின் மேல்கரையில் ஆதவன் அன்றைய கடையைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த பொன்னையெல்லாம் நீரில் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த அந்திவேளையில், கருவேலங்கோட்டை மருத்துவச்சாலையில் செங்கமலை ஓர் உப்பு வணிகனின் காலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். காரியம் ஆகவேண்டுமென்று காலைப் பிடிப்பவர் அரண்மனைகளில் ஏராளம், அன்பார்ந்த வாசகர்களே! இவளோ வைத்தியர் குலத்தவள். வலுவிழந்த அங்கங்களுக்கு மூங்கிலாலும் தோலாலும் தாங்கி அமைப்பவள்.

திரைக்கு வெளியே கோட்டைத் தலைவர் எயினனார் உறுமினார்.

"என்ன செங்கமலை, இவன் நொண்டுவது நிஜமா, நடிப்பா? வேங்கைமலை இளவரசன் பூவேந்தன் மாறுவேடத்தில் உள்ளே புகுந்திருக்கிறானாம். அவனோ வாளெடுத்தால் மயிலாய் ஆடுகிறவன். இந்த ஆளின் கால் நன்றாக இருந்தால் இவன்தான் அவன். விடிந்ததும் கழுமரம்!"

"பொறுங்கள் ஐயா. ஓடக்கூடிய காலா என்றுதானே பார்க்கிறேன்!"

தாங்கியின் வார்களை அவிழ்த்தாள். கெண்டைச் சதை வற்றி, மற்றக் காலில் பாதியாய் இருந்தது. கணுக்காலில் வார் உராய்ந்து புண்ணாகியிருந்தது. நடிப்பே இல்லை. ஆனால் தாங்கியின் உட்புறத்தைத் தடவிய அவள் விரல்கள் திடுக்கிட்டு நின்றன.

உள்ளுறை வேங்கைத் தோல்!

வேங்கைமலை நாட்டில் அரச குடும்பத்தாரைத் தவிர வேறெவரும் அணியக்கூடாத தோல் அது. வேடத்துக்காக அழுக்கு வேட்டி தேடிப் பிடித்தவர்களுக்கு, இளவரசர் மேனியில் ஆட்டுத்தோல் படுவதை மட்டும் பொறுக்க மனம் வரவில்லை போலும்! அந்நாட்டு மன்னருக்கோ ஒரே மகன்.

அப்படியானால், பட்டாடைக்குள் இந்த மூங்கிலைக் கட்டிக்கொண்டா இவன் வாள் வீசினான்? வலியைத் தாங்குவதற்கு ஒரு பலம் வேண்டும். அதை மறைப்பதற்கு அதைவிடப் பெரிய பலம் வேண்டுமே!

"இந்தப் புண்ணை எந்த வைத்தியரிடமும் காட்டவில்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஊனமுள்ளவனுக்கு எங்கள் நாட்டில் முடி சூட்டுவதில்லை" என்றான் அவன், அதைவிடத் தாழ்ந்த குரலில். "கண்டுகொண்டாய். கூப்பிடு உன் தலைவரை."

கூப்பிட்டால் இவன் தலை போகும். பழிதீர்க்க வரும் படையால் கோட்டையும் போகும். புண்ணுக்குக் களிம்பிட்டு, பஞ்சு வைத்துத் தாங்கியை மீண்டும் பூட்டியவாறே செங்கமலை பேரத்தைத் தொடங்கினாள்.

"எங்கள் வடமதிலில் உள்ள பிளவை வேவு பார்த்துவிட்டீர்களா?"

"பார்த்தேன்."

"உங்கள் படை இங்கே வராதென்று சத்தியம் செய்யுங்கள். மீறினால் இந்தக் காலின் கதை ஊரூராய்ப் போகும்."

"என் உயிருள்ளவரை வேங்கைமலைப் படை இந்த மதிலைத் தீண்டாது. இது சத்தியம். இன்னொன்றும் சொல்கிறேன்: ஊர் சேர்ந்ததும் இந்தத் தாங்கியைப் பட்டாடைக்கு மேலேயே கட்டிக்கொண்டு அரசவையில் நிற்பேன். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது, பெண்ணே!"

"ஐயையோ, அதை நான் கேட்கவேயில்லையே! அப்புறம் உங்களைக் கட்டிப்போட என் கையில் என்ன இருக்கும்?"

"என் வார்த்தை இருக்கும்."

செங்கமலை அந்த முகத்தைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கடைசி வாரை இறுக்கிவிட்டு எழுந்து திரையை விலக்கினாள்.

"கால் மெய்யாகவே பழுதுதான், ஐயா" என்றாள், ஒரு சொல்கூடப் பொய் கலவாமல். "நடக்கச் சிரமப்படுகிறார். ஆற்றுவாசல்வரை யாராவது துணைக்குப் போனால் நல்லது."

"அடடா! பாவம், வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்" என்று மனம் இளகிய எயினனார், தம் தோளையே கொடுத்து, உப்பு வணிகனைப் பதமாகப் படகில் ஏற்றிவிட்டார்.