மூடி வைத்த கிண்ணம்

"ஏங்க... அது என் குடை!"

கையில் எடுத்த குடையோடு மிசாவோ திரும்பினாள். சாப்பாட்டுக் கடை வாசல் தொட்டியில் நின்றவை எல்லாமே நிறமற்ற பிளாஸ்டிக் குடைகள். எது யாருடையது என்று மழைக்கே தெரியாது.

"பிடியில நீல ரிப்பன் இருக்கு பாருங்க. என் மனைவி கட்டினது."

"அப்போ அவங்ககிட்டயே மன்னிப்புக் கேட்டுடறேன்."

"அவ போய் ரெண்டு வருஷமாச்சு..."

அவள் தலை தாழ்த்தினாள். நனைந்த இமைகளுக்கு அடியில் எவ்வளவு களைத்த கண்கள் அவனுக்கு! ரயில் நிலையம் வரை இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள்.

அவன் பெயர் சகாகி. அதன்பின் வியாழன்தோறும் அதே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"இன்னிக்கும் கானாங்கெளுத்தியா? அந்த மீனுக்கே உங்களைக் கண்டா அலுத்துடும்," என்றாள் மிசாவோ.

"அலுத்தா அது சொல்லட்டும்... நீங்க ஏன் சொல்றீங்க?"

தன் தொழிலை மட்டும் அவள் சொல்லவில்லை. வயதுவந்தோருக்கான படங்களில் அவளுக்கு எப்போதும் ஒரே வேடம். கணவன் வராத வீட்டில் காத்திருந்து, கடைசியில் வேறொருவனுக்குக் கதவைத் திறக்கும் மனைவி. தெரிந்தால் இவனும் மற்றவர்களைப் போலத்தானே பார்ப்பான்...

ஒரு வியாழன், பின் மேசையில் குடித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். "டேய், இது அந்தப் படத்துப் பொண்டாட்டிடா! புருஷன் இன்னிக்கும் லேட்டா?"

மிசாவோ சகாகியைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இருந்தது. வியப்பு இல்லை.

மழையில் வெளியே ஓடியவளைக் குடையோடு பின்தொடர்ந்தான்.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"...தெரியும்."

"குடையும் நாடகமா?"

பதிலுக்கு நிற்காமல் நனைந்துகொண்டே போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்தது. ஒரு வியாழன் அந்த வழியாக வந்தவளின் கால்கள் தாமாக நின்றன. சுள்ளென்ற வெயிலில், காலித் தொட்டியில், நீல ரிப்பனோடு ஒற்றைக் குடை.

"வாரா வாரம் வெச்சுட்டுதான் உக்காருறார்மா," என்றாள் கடைக்காரி.

சகாகி எழுந்து வாசலுக்கு வந்தான்.

"அந்தப் படங்களை நான் முழுசா பார்த்ததே இல்ல. நீங்க சோத்துக் கிண்ணத்தை மூடி வெச்சுட்டு, கடிகாரத்தைப் பார்ப்பீங்களே... அதோட நிறுத்திடுவேன்."

"ஏன்?"

"என் மனைவியும் அப்படித்தான் மூடி வெப்பா. நான் கடைசி ரயில்ல வருவேன். அவளுக்கு இன்னொருத்தர் இருந்தது, அவ செத்த பிறகுதான் தெரிஞ்சது. அவர் எங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதார். என்னால திட்ட முடியல... அந்தக் கிண்ணத்துக்கு முன்னாடி அவ எப்படி உக்காந்திருப்பான்னு பார்க்கணும்னு இருந்தது."

எல்லோரும் வேகமாக ஓட்டிவிடும் காட்சி அது.

"அந்த இடத்துல மட்டும் நான் நடிக்கல. என் வீட்டுலயும் எதிர்ல யாரும் இல்லாமத்தான் சாப்பிடறேன்."

"அங்க நான் இருக்கணும்னு ஆசை, மிசாவோ. படத்துல இருக்கறவங்களுக்காக இல்ல. மீனுக்குப் பரிஞ்சு பேசினவங்களுக்காக."

அவள் குடைப்பிடியின் ரிப்பன் நுனியை விரலில் சுற்றினாள்... விடுவித்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்குச் சோறு வெப்பேன். மூடி வைக்க மாட்டேன்."

மறுநாள் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆறரைக்கே அவள் வாசலில் அந்தக் குடை சாய்ந்திருந்தது.