வெளுத்த பாஸ்போர்ட்

லோர்னா கடைக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் தொங்கிய கம்பளிக் கோட்டு ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தையல் மெஷினில் இருந்த நெஸ்தோர் பல்லிடுக்கிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே? கோட்டு கை நீளமா இருக்கா? கொண்டா, இன்னும் கொஞ்சம் ஏத்திடலாம்."

"கோட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்கண்ணா. பெலிசா அக்கா எங்கே?"

இலோயிலோ வெயிலில் தார் உருகும். அந்த ஊரில் பழைய குளிர்க்கோட்டு விற்றுப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நர்ஸுகளைப் பற்றித் தெரியாது. வெளிநாடு போகிற ஒவ்வொரு நர்ஸும் முதலில் வந்து நிற்பது ஹாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள இந்தக் கடையில்தான். தேர்வுக்குப் பெயர் கொடுத்த கையோடு கோட்டை வாங்கிவிடுவார்கள். அதை ஆணியில் மாட்டித் தினமும் பார்த்தால்தான் படிப்பு ஏறும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடைக்காரி பெலிசா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்டேஷனுக்குப் போக வெட்கப்படுகிற வழக்குகள் இன்றும் அவளைத் தேடி வந்தன.

பெலிசா உள்ளிருந்து வந்து, விழுந்த கோட்டை எடுத்து மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். லோர்னா ஒரு பாலிதீன் பையை அவள் முன் வைத்தாள். அதற்குள் இருந்தது பாஸ்போர்ட். ஆனால் எழுத்தும் இல்லை, முகமும் இல்லை. வெள்ளை வெளேரென்று ஊறிக் கிடந்தது.

"பிளீச்சிங் தண்ணி வாளியில முக்கி வெச்சிருக்காங்க அக்கா. நான் நேத்து சாயங்காலம் மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி ஏத்தப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா இப்படி. திங்கட்கிழமை எனக்கு ஃப்ளைட். இங்கிலாந்துல செய்முறைத் தேர்வு. அது பாஸானாதான் பதிவு, பதிவு ஆனாதான் வேலை. இந்த மாசம் போய்ச் சேரலைன்னா அந்த இடம் வேற ஒருத்திக்கு." அவள் குரல் நடுங்கியது, ஆனால் அழுகையால் அல்ல. "யாருன்னு மட்டும் சொல்லுங்க. கேஸ் குடுத்தா அவங்களுக்கு நன்னடத்தைச் சான்று கிடைக்காது. ஜென்மத்துக்கும் இந்த ஊரைத் தாண்ட விடமாட்டேன்."

"விடாதே!" என்றான் நெஸ்தோர். அவனுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கோட்டின் கையை மடித்துத் தைத்தவன் அவன்தான்.

பெலிசா அவனைப் பார்த்த பார்வையில் அவன் குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"நாங்க நாலு பேரும் ஆளுக்கொண்ணு வெச்சிருக்கோம். நான், சியோனி அக்கா, ரமில், ரோடோரா. எல்லாரும் தேர்வுக்குத் தயார் பண்றவங்கதான். நேத்து அவங்க மூணு பேரும் மோலோவுல ஒரு சாவுக்குப் போயிருந்தாங்க. செலெஸ்தேன்னு ஒரு நர்ஸ்."

"நீ போகலையா?"

"பயணம் போறவ பொணத்தைப் பார்க்கக் கூடாதில்லையா. அதுவுமில்லாம..." லோர்னா பையை மூடினாள். "ஒரே ஆஸ்பத்திரியில வேலை பார்த்தோம். எனக்கும் அவளுக்கும் ஆகாது."

நர்ஸுகளின் வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு கட்டில், அதில் ஆளுயர ரப்பர் பொம்மை. அதற்கு மிஸ்டர் ஜான் என்று பெயர் வைத்து, நாள் முழுவதும் அதனிடம் "வலி எப்படி இருக்கு சார்?" என்று இங்கிலீஷில் கேட்டுப் பழகுவார்கள். பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். லோர்னாவின் சிவப்பு, சியோனியின் சாம்பல் நிறம், ரமிலின் கறுப்பு என்று கோட்டுகள் தொங்கின. தன் தையலைப் பார்த்து நெஸ்தோருக்குச் சின்னப் பெருமை.

லோர்னாவும் சியோனியும் ஒரே அறை. பெலிசா குனிந்து லோர்னாவின் கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு கையை நீட்டி எதையோ வாரி எடுத்தாள். தர்ப்பூசணி விதைத் தோல்கள். சாவு வீட்டில் சீட்டாடிக்கொண்டு கொறிப்பார்களே, அதுதான். ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது.

"நான் போகவே இல்லையே!" லோர்னா பின்வாங்கினாள்.

சியோனிக்கு முகம் செத்துப்போனது. நாற்பதைத் தாண்டியவள், தேர்வில் இரண்டு முறை தோற்றவள். "ஐயோ மாதாவே, நான் படுக்கிற ரூமுக்குள்ளயா?" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நானும் ரமிலும் சேர்ந்துதான் கிளம்பினோம் அக்கா. லாபாஸ் சந்தையில உட்கார்ந்து பாச்சோய் சூப் குடிச்சோம். இவளுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கிட்டு வந்தோம். வந்தா இவ வாளியைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டு இருக்கா."

"சூப் சூடா இருந்துச்சு," என்றான் ரமில். "அதை என் மேலதான் வீசினா. எங்க நிச்சயத்தை முறிச்சப்போகூட இவ்வளவு கோபப்படல."

"உனக்குத்தானேடா என் மேல காண்டு!" என்று லோர்னா பாய்ந்தாள். "நான் முன்னாடி போறேன்னு பொறுக்கல உனக்கு!"

"காண்டுதான். அதுக்காக? நானும் போகணும்டி. போய் உன் வீட்டுக்கு எதிர்லயே குடியிருந்து உன்னை வெறுப்பேத்தணும். அதான் என் பிளான்."

நெஸ்தோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் காதலில் தோற்றவனை நம்பக் கூடாது என்று மனதில் குறித்துக்கொண்டான்.

ரோடோரா அப்போதுதான் பையோடு உள்ளே வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். "நான் இவங்களோட வரல," என்றாள். "சாவு வீட்டிலேர்ந்து நேரா பாவியாவுல என் தோழி வீட்டுக்குப் போயிட்டேன். அவளுக்குக் குழந்தை பிறந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. ராத்திரி அங்கேயே தங்கிட்டேன்."

"இவ எங்ககூட வாசல் வரைக்கும்கூட வரல," என்று சியோனி குறைப்பட்டாள். "நாங்க எழுந்து போறோம், கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா. ஒரு 'போயிட்டு வாங்க' கிடையாது."

பெலிசா தலையாட்டினாள். மிஸ்டர் ஜானின் போர்வையை ஒழுங்காக இழுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"எங்கேக்கா?"

"மோலோவுக்கு. துக்கம் விசாரிக்க."

செலெஸ்தேயின் அடக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்த நெஸ்தோர் அப்படியே நின்றுவிட்டான். அந்தப் புழுக்கத்தில், எல்லோரும் விசிறிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில், இறந்தவள் கழுத்துவரை பொத்தான் போட்ட பச்சைக் கம்பளிக் கோட்டோடு கிடந்தாள். அதன் கை மடிப்பு அவன் தைத்தது. அன்று கண்ணாடி முன்னால் நின்று, "அண்ணா, பனி விழுந்தா இந்த நிறம் எடுப்பா இருக்குமில்ல?" என்று கேட்ட பெண் இவள்தானா? பெலிசா இறந்தவளின் தாயோடு வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் கிளம்பியபோது அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடக் கூடாது, அடுத்த சாவையும் கூப்பிட்டதாகிவிடும்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் ஆட்டோவை நிறுத்தி இருவரும் காபி குடித்தார்கள். பசியெல்லாம் இல்லை. சாவு வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. இறந்தவர் ஆவி பின்னாலேயே வரும். நடுவில் எங்கேயாவது ஏறி இறங்கி, அதை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். பிறந்த நாள் முதல் செய்கிற பழக்கம் என்பதால் நெஸ்தோர் யோசிக்காமல் இரண்டு பன் தின்றான். பெலிசா மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ரமில்தான்க்கா," என்றான் நெஸ்தோர்.

"நீ தைச்ச கோட்டுதானே எல்லாம்? அந்த வீட்டுக்கு எத்தனை தைச்சே?"

"மூணு."

"அங்கே எத்தனை பேர்?"

நெஸ்தோர் பன்னை மெல்வதை நிறுத்தினான்.

மதியம் நான்கு பேரும் மிஸ்டர் ஜானைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெலிசா விதைத் தோல்களைப் பொம்மையின் போர்வைமேல் கொட்டினாள்.

"இதைக் கொறிச்சவங்க சாவு வீட்டிலேர்ந்து வந்து, லோர்னா கட்டில்ல சாவகாசமா உட்கார்ந்திருக்காங்க. பாஸ்போர்ட் ஊறட்டும்னு காத்திருந்திருக்காங்க. சியோனி, நீ சாவு வீட்டிலேர்ந்து வந்து உன் ரூம்ல உட்காருவியா?"

"செத்தாலும் மாட்டேன்!"

"ரமிலும் மாட்டான். அவனும் இங்கேதான் தூங்கணும். அதுக்குத்தான் ரெண்டு பேரும் லாபாஸ்ல இறங்கி சூப் குடிச்சிருக்கீங்க. தான் தூங்கப் போற வீட்டுக்கு யாரும் சாவைக் கூட்டிக்கிட்டு வரமாட்டாங்க. அப்போ நேத்து ராத்திரி இங்கே தூங்காதவங்கதான் வந்திருக்கணும்."

எல்லோருடைய கண்களும் ரோடோராமேல் திரும்பின.

"நேரா தோழி வீட்டுக்குப் போனேன்னு சொன்னே," என்றாள் பெலிசா. "ரெண்டு வாரக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு! அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணினேன். வாசல்லயே நிறுத்தி, எங்கேயாவது இறங்கிட்டு வந்தியான்னு கேட்டாளாமே. இறங்கிட்டுத்தான் வந்தேன்னு சத்தியம் பண்ணினியாம். இங்கேதான் இறங்கினே. உதற வேண்டியதை லோர்னா மெத்தையில உதறிட்டுப் போனே."

லோர்னா எழுந்து நின்றாள். "நான் உனக்கு என்னடி செஞ்சேன்?"

"அவ பதில் சொல்லட்டும், ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு," என்றாள் பெலிசா. "ரோடோரா, உன் கோட்டு எங்கே?"

ரோடோரா முதன்முறையாகச் சிரித்தாள். "வாங்கல."

"வாங்க மாட்டே. தேர்வுக்கு நீ பேரே குடுக்கல. வெளிநாடு போக இந்த வீட்டுக்கு நீ வரல. சாவு வீட்டுல சியோனியை வாசல்வரை கொண்டுவிடாததுக்கும் காரணம் இருக்கு. நீ அங்கே விருந்தாளி இல்ல, வீட்டுக்காரி. செலெஸ்தேயோட அம்மா சொன்னாங்க, நீயும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்கன்னு."

"என் பெரியம்மா மக," என்றாள் ரோடோரா. பிறகு லோர்னாவை நேருக்கு நேர் பார்த்தாள். "அன்னிக்கு வார்டுல தப்பு மருந்தை ஊசியில ஏத்திப் போட்டது நீ. டாக்டர் வந்ததும் எங்க அக்கா பேரைச் சொன்னதும் நீ. ஆஸ்பத்திரியில அவளுக்குச் சான்று குடுக்கல. இங்கிலாந்துப் பதிவும் போச்சு. ரூமைப் பூட்டிக்கிட்டுப் படுத்தவதான். காய்ச்சல் வந்தப்போ மாத்திரை சாப்பிடக்கூட மாட்டேன்னுட்டா. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் செத்தா."

நெஸ்தோர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"பொய்!" என்றாள் லோர்னா. "அக்கா, கேஸ் எழுதுங்க. இவளை உள்ளே தள்ளுங்க!"

"எழுதுங்க," என்றாள் ரோடோரா அமைதியாக. "அதுக்காகத்தான் காத்திருக்கேன். பாஸ்போர்ட்டை நாசம் பண்ணினதுக்குக் காரணம் என்னன்னு போலீஸ் கேட்கும். நான் சொல்வேன். வார்டு ஆயா அந்த ஊசியைப் பார்த்தா. இதுவரைக்கும் அவளை யாரும் கேட்கல, கேட்டா சொல்றதுக்குத் தயாரா இருக்கா. எனக்குப் பறிகொடுக்க ஒண்ணுமில்ல லோர்னா. ஆணியில கோட்டுகூட இல்ல."

பெலிசா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பொம்மையின் நெஞ்சின்மேல் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். "உன் புகார், நீதான் சொல்லணும். என்ன நடந்துச்சு?"

லோர்னா பேனாவைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். சியோனியும் ரமிலும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துணி ஊறவெச்சேன்," என்றாள் கடைசியில். "பாக்கெட்ல பாஸ்போர்ட் இருந்ததை மறந்துட்டேன். என் கையாலதான் விழுந்துச்சு."

"நல்லது," என்றாள் ரோடோரா. "புது பாஸ்போர்ட் எடு, புது வேலை தேடு. நீ கிளம்பற அன்னிக்கு மறுபடியும் ஏதாவது உன் கையால விழும். ஒவ்வொரு தடவையும் நீயே இப்படிச் சொல்லணும்." பையை எடுத்துக்கொண்டு அவள் மோலோவுக்குக் கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை.

பெலிசா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அன்னிக்கு நீ செஞ்சதைச் செய்யலைன்னு சொன்னே. இன்னிக்குச் செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றே," என்றாள் லோர்னாவிடம். "தாள் கடையில இருக்கும். அந்த ஊசியைப் பத்தி எழுதணும்னு தோணினா வா."

காலையில் 'விடாதே' என்று கத்திய நெஸ்தோர், இப்போது லோர்னாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் முன்னால் நடந்தான். தெருவில் வெயில் தகித்தது. அவன் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, "கடைக்குத்தானேக்கா?" என்று கேட்டான்.

"நேரா வேண்டாம்," என்றாள் பெலிசா. "எங்கேயாவது இறங்கி ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்."